பசி நோய்க்கு மருந்து தந்த வள்ளலார்

வைத்தியர் ஆவதற்கு என்ன வேண்டும்? ஏடு படிக்க வேண்டும். மூலிகை அறிய வேண்டும். ஆனால் அதற்கும் முன்பு தன் உடம்பையும் மனத்தையும் பழக்க வேண்டும். அப்படி வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் வட சென்னையில் வளர்ந்தார். அவர்தான் வள்ளலார் என்று மக்கள் போற்றும் இராமலிங்க அடிகள்.

கண்ணாடி அறை

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை. தாய் சின்னம்மை. கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை காலமானார். தாயார் பிள்ளைகளோடு பொன்னேரிக்குப் போனார். பிறகு சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு பகுதியில், வீராசாமி பிள்ளை தெருவில் குடும்பம் தங்கியது.

மூத்த தமையனார் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியைப் படிக்க அனுப்பினார். தம்பியோ கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் சோறு போட்டார்.

பின்னர் வீட்டிலேயே இராமலிங்கத்துக்குத் தனி அறை கிடைத்தது. அங்கே ஒரு கண்ணாடியை வைத்து, அதன் முன்னே விளக்கேற்றி உட்கார்ந்தார். அலையும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பழகினார். அதுதான் அவர் படித்த முதல் பாடம்.

5 மைல் நடை

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் ஏறத்தாழ 5 மைல். இன்று அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அன்று அது கடலோர ஊர். பட்டினத்தார் சமாதி கொண்ட தலம். அங்கே தியாகராசரையும் வடிவுடை அம்மனையும் வணங்க இராமலிங்கர் பல ஆண்டுகள் சென்று வந்தார். அம்மன் மீது வடிவுடை மாணிக்க மாலை பாடினார்.

ஓர் இரவு திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தார். அண்ணியார் வந்து எழுப்பிச் சோறு கொடுத்தார். உண்டு படுத்தார். சற்று நேரத்தில் அண்ணியார் மறுபடியும் சாப்பிட அழைத்தார்! முன்பு வந்தது வடிவுடை அம்மனே என்று அப்போதுதான் தெரிந்ததாம். பக்தர்கள் இன்றும் இந்தக் கதையை உருக்கத்தோடு சொல்வார்கள்.

பசித்தவன் படும் பாட்டை அடிகள் ஏட்டில் படித்து அறியவில்லை. பட்டு அறிந்தார்.

மருந்தும் ஒழுக்கமும்

1858-ல் சென்னையை விட்டுக் கருங்குழிக்குச் சென்றார். 400-க்கும் மேற்பட்ட மூலிகைகளின் குணங்களைக் குறித்து வைத்தார். சென்னையிலிருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதங்களில் உடம்பைப் பேணும் முறையும் சொன்னார்.

அவர் வகுத்த தினசரி ஒழுக்கம் ஏழைக்கும் எட்டக்கூடியது. சூரியன் உதிக்கும் முன்பே எழ வேண்டும். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை போன்ற சாதாரணக் கீரைகளே மருந்து. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. புலால் கூடாது. தூக்கம் அளவோடு இருக்க வேண்டும். கோபம், பயம், பொறாமை கூடாது. மனம் கெட்டால் உடம்பும் கெடும் என்பது அவர் கொள்கை. பிறருக்குச் சொன்னதைத் தாமும் கடைப்பிடித்தார். குறைவாக உண்டார். எளிய வெள்ளை ஆடையே உடுத்தினார்.

அணையாத அடுப்பு

ஆனால் ஒரு கேள்வி அவரை வாட்டியது. சோறே இல்லாதவனுக்கு எந்த மூலிகை பலிக்கும்? வயிறு காய்ந்தவனிடம் அளவோடு உண்ணச் சொல்ல முடியுமா?

எனவே பசியையே பெரும் பிணி என்று கண்டார். அதற்குச் சோறே மருந்து. 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்கவில்லை. பசி என்று வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார்.

1872-ல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவினார். 1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை. சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அன்று வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருகிறவர்கள் உண்டு செல்கிறார்கள். நம் வீட்டு வாசலில் பசியோடு ஒருவர் நின்றால், அந்த மருந்தை நாமும் கொடுக்கலாம். அதற்கு வைத்தியப் படிப்பு வேண்டாம். ஒரு பிடி சோறும் இரக்கமுள்ள மனமும் போதும்.