படகில் குடியிருந்த தேவ மனிதர்





சபைக்குச் சொந்தக் கட்டிடம் இல்லையே, வாடகை இடத்தையும் காலி பண்ணச் சொல்றாங்களே, இனி ஊழியம் எப்படி நடக்கும் என்று கலங்குகிற விசுவாசிகள் அநேகர். அவர்களை மனதில் வைத்தே இந்த முறை ஹட்சன் டெய்லரைப் பற்றி எழுதுகிறேன். சீன உள்நாட்டு மிஷனை ஆரம்பித்தவர் அவர் என்பது நமக்குத் தெரியும். ஆனா அவர் படகிலே குடியிருந்த நாட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற ஊரில் 1832ல் பிறந்தவர். 1854 மார்ச் 1ந் தேதி ஷாங்காயில் வந்து இறங்கினபோது வயது 21. அந்நாட்களில் அந்நியர் ஐந்து துறைமுகப் பட்டணங்களில் மாத்திரம் குடியிருக்கலாம் என்பது சட்டம். உள்நாட்டில் கோடிக்கணக்கான ஆத்துமாக்கள் இயேசுவை அறியாமல் இருக்கிறார்கள். அங்கே போய்த் தங்க அனுமதி இல்லை. சும்மா இருப்பாரா? ஷாங்காயைச் சுற்றியுள்ள கடலோரச் சமவெளி முழுக்க ஆறும் கால்வாயுமாக வலை பின்னினது போல இருக்கும். அங்கே ரோட்டைவிடத் தண்ணிதான் வழி. ஆகவே படகு அமர்த்தி, புத்தகங்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தூக்கமும் ஜெபமும் படகிலேதான்.

1855ல் யாங்சி நதியின் முகத்துவாரத்திலுள்ள சோங்மிங் தீவில் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அவர் வைத்தியம் பார்ப்பது அவ்வூர் வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை. புகார் போனது, பிரிட்டிஷ் அதிகாரி அவரை வெளியேறச் சொல்லிவிட்டார். எவ்வளவு வேதனை!

ஆனாலும் கர்த்தர் கைவிடவில்லை. அதே டிசம்பரில் வில்லியம் பர்ன்ஸ் என்ற ஊழியக்காரரைத் துணையாகத் தந்தார். 1839ல் ஸ்காட்லாந்தின் கில்சித் ஊரில் எழுப்புதல் உண்டானபோது கர்த்தர் பயன்படுத்தின பாத்திரம் இவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு படகில் சேர்ந்தே பயணம் பண்ணினார்கள். காலையில் படகிலே ஜெபம். ஒன்பது மணிக்கு ஒரு மூங்கில் முக்காலியோடு கரையேறுவார்கள். ஒருவர் அதன்மேல் நின்று பிரசங்கிப்பார், மற்றவர் பக்கத்தில் நின்று ஜெபிப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். மத்தியானம் படகுக்கு வந்து சாப்பாடு, ஐக்கியம், ஜெபம். மறுபடியும் இருட்டும்வரை ஊழியம். ராத்திரியில் டீக்கடையில் உட்கார்ந்து ஜனங்களோடு பேசுவார்கள். டெய்லர் அதற்கு முன்பே சீன உடை உடுத்தி, தலை சிரைத்துச் சடை வைத்திருந்தார். ஜனங்கள் அவரிடம் அமைதியாகக் கேட்பதைக் கண்ட பர்ன்ஸும் அந்த உடைக்கு மாறினார்.

பத்து வருஷம் கழித்து நடந்ததைக் கவனியுங்கள். 1866 செப்டம்பர் 30ல் லேமர்மூர் கப்பலில் டெய்லர் திரும்பி வந்தார். மனைவி மரியா, நான்கு பிள்ளைகள், புதிய மிஷனெரிகள் 16 பேர் கூட வந்தார்கள். அக்டோபரில் எல்லாரும் படகுவீடுகளில் ஏறிக் கால்வாய் வழியாகப் போனார்கள். வழியிலுள்ள பட்டணங்களில் வீடு தேடினார்கள். ஒருவரும் வாடகைக்குத் தரவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது. குளிர் கடுமையானது. குளிர்காலம் வருமுன் ஊருக்குப் போகணும் என்று படகுக்காரர்கள் அவசரப்பட்டார்கள். கைப்பிள்ளைக்காரன் என்ன செய்வான்? டெய்லர் ஹாங்சூ பட்டணத்துக்குள் வீடு தேடிப் போனார். படகில் இருந்தவர்கள் ஜெபத்தில் தரித்திருந்தார்கள். வெளியூர் போயிருந்த ஒரு மிஷனெரியின் வீடு சில நாள் தங்கக் கிடைத்தது! அதற்குள் பெரிய வாடகை வீட்டுக்கும் கர்த்தர் வாசலைத் திறந்தார். அல்லேலூயா! அடுத்த வருஷமே அங்கே ஒரு சபை எழும்பிற்று. வாங் லேஜுன் என்ற சீன சகோதரர் அதற்குப் போதகரானார்.

இந்தப் பாதை சுலபமானது என்று நான் சொல்லமாட்டேன். எட்டு வயது மகள் கிரேஸ் 1867லும், அருமை மனைவி மரியா 1870லும் சீன மண்ணிலே மரித்தார்கள். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1905 ஜூன் 3ந் தேதி சாங்ஷா பட்டணத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, மிஷனில் 800க்கும் மேற்பட்ட மிஷனெரிகள் இருந்தார்கள். அவருடைய சரீரமும் ஆற்று வழியாகவே கொண்டுபோகப்பட்டு, யாங்சி கரையில் ஷென்ஜியாங்கில் மரியாவின் பக்கத்தில் அடக்கம்பண்ணப்பட்டது.

பிரியமானவர்களே, டெய்லர் வீடு வேண்டாம் என்று சொன்னவரல்ல. ஊர் ஊராகத் தேடினவர்தான். ஆனால் வீடு கிடைத்தபிறகு ஊழியம் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் ஆண்டவரும் சீமோனின் படகில் உட்கார்ந்துதானே ஜனங்களுக்குப் போதித்தார்? இடத்துக்காக ஜெபியுங்கள், விசுவாசத்தோடே கேளுங்கள். அது வரும்வரைக்கும் திண்ணையோ, மொட்டைமாடியோ, மரத்தடியோ, கர்த்தர் இன்றைக்குக் கொடுத்திருக்கிற இடத்தில் ஜெபக்கூட்டத்தை நிறுத்தாமல் நடத்துங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.