நகையைத் தொழிலாகக் கொண்ட மொலியேர்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியனார். ஆயினும், பிறரை நகைப்பித்தலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவனை உலகம் முதலிடத்தில் வைப்பதில்லை. இதனைத் தம் வாழ்வாலும் இறப்பாலும் விளக்கியவர் பிரான்சு தேசத்து நாடகாசிரியர் மொலியேர்.

இவரது இயற்பெயர் ழான் பாத்தீஸ்து பொக்லேன். 1622-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் அரசருக்கு மெத்தை, திரைச்சீலை, ஆசனவுறை முதலியன அமைக்கும் உத்தியோகஸ்தர். தமக்குப் பின் அப்பதவி மைந்தருக்கே உரியதாகுமாறு 1637-ல் ஏற்பாடும் செய்து வைத்தார். மைந்தரோ யேசு சபையாரின் கிளெர்மோன் கல்லூரியில் கற்றவர். ஊதியம், மதிப்பு, அரசரது அணிமை ஆகிய மூன்றும் அவரை எதிர்நோக்கி நின்றன.

1643-ல், தமது 21-ஆம் பிராயத்தில், அவ்வுரிமையை அவர் துறந்தார். அன்னையார் விட்டுச் சென்ற பொருளில் 630 லீவர் பெற்று, மதலேன் பெஜார் என்னும் நடிகையாரோடும் பிறரோடும் கூடி நாடக சபை ஒன்று நிறுவினார். மறு ஆண்டு மொலியேர் என்னும் புதுப்பெயர் பூண்டார். சபை நிலைக்கவில்லை, 1645-ல் கடனுக்காகச் சிறை புகுந்தார். மீண்ட பின் தந்தையின் தொழிலுக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஊர்தோறும் சென்று நடித்தார். அங்கே கண்ட மக்களின் நடையும் பேச்சுமே அவர் பயின்ற இரண்டாம் கல்லூரி எனலாம்.

1658 அக்டோபர் 24-ல் பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் ஆடும் பேறு வாய்த்தது. முதலில் ஆடிய கொர்நேயின் பெருநாடகம் அவையைக் கவரவில்லை. பின்னர் அனுமதி வேண்டித் தாமே இயற்றிய சிறு பிரகசனம் ஒன்றை ஆடினார். மன்னர் நகைத்தார், பாரிஸில் அரங்கும் கிடைத்தது. 1660-ல் தம்பியார் இறக்கவே, துறந்த பதவி மீண்டும் அவரை வந்தடைந்தது. அதனை ஏற்றாரேனும் மேடையை விட்டாரல்லர்.

நகைப்பித்தல் எளிதாயிருந்ததோ எனின், அன்று. போலிப் பக்தனை எள்ளிய 'தார்த்தூஃப்' 1664-ல் தடுக்கப்பட்டது. 1669-ல்தான் அதனைப் பொதுமக்கள் முன் தடையின்றி ஆட இயன்றது. இடையே 1668-ல் 'உலோபி' தோன்றிற்று.

1673 பெப்ருவரி 17-ல், நோயில்லாமலே நோயாளி என்று மயங்கும் ஒருவனாக வேடம் பூண்டு நான்காம் முறை நடித்தார். நடித்தவரோ மெய்யாகவே நோயாளி. அன்று ஓய்ந்திருக்குமாறு நண்பர் வேண்டியும், அரங்கத் தொழிலாளர் அன்றைக் கூலியை இழப்பரே என்று இசைந்திலர் என்பர். மேடையிலேயே நோய் முற்றிற்று. அன்றிரவே இல்லத்தில் உயிர் நீத்தார். அந்தியத்தில் அழைக்கப்பட்ட குருமார் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வருமுன் ஆவி பிரிந்தது. நடிகர் என்ற காரணத்தால் நல்லடக்கமும் மறுக்கப்பட்டது. மனைவியார் மன்னரிடம் முறையிட்ட பின்னரே, 21-ஆம் நாள் இரவு, சிறப்புச் சடங்கின்றி அடக்கம் நிகழ்ந்தது.

1680-ல் தோன்றிய பிரான்சு தேசிய நாடக சபை இன்றும் மொலியேர் இல்லம் என்றே வழங்கப்படுகின்றது. கல்வியின் பயன் உத்தியோகமே எனக் கருதும் நாம் ஒன்று எண்ணிப் பார்த்தல் தகும். அவர் கொண்ட தொழிலுக்குச் சிறையும் இகழ்ச்சியும் விலையாயின. கல்லறைக்கும் இரந்து நிற்க நேர்ந்தது. ஆயினும், அரசரின் மெத்தையை அமைத்த மற்றையோரின் பெயரை இன்று அறிவார் யாவர்?