ஜஹான் ஷாவின் வீழ்ச்சி

பதினைந்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் மேற்குப் பகுதியை ஆண்ட துருக்மானியக் குடியினர் கரா கொயுன்லு எனப்பட்டனர். கருஞ்செம்மறி ஆட்டினர் என்பது அப்பெயரின் பொருள். அக்குடியின் பேரரசர்களுள் தலைசிறந்தவர் ஜஹான் ஷா. தப்ரீஸ் அவர்தம் தலைநகர். ஹகீகி என்னும் புனைபெயரில் அவர் கவிதையும் இயற்றினார்.

1458இல் கிழக்கே ஹிராத் நகரையும் வென்றார். ஆயினும் மகன் ஹசன் அலி தாயகத்தில் கலகம் செய்யவே, வென்ற நகரை விட்டுத் திரும்ப நேர்ந்தது. மற்றொரு மகன் பீர் புடாக் பாக்தாதில் இருந்துகொண்டு தந்தையை எதிர்த்தார். நகரம் ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிடப்பட்டது. முடிவில் மகன் கொல்லப்பட்டார். பேரரசின் வலிமை குடும்பப் பகையிலேயே கரைந்தது.

1467இல் ஜஹான் ஷா, அக் கொயுன்லு தலைவர் உசுன் ஹசன்மீது படையெடுத்தார். போர் முடிவுறாமலே குளிர்காலம் நெருங்கியது. அவரோ பகைவரைச் சிறியவரென எண்ணி, படையின் பெரும்பகுதியை முன்னே அனுப்பிவிட்டுச் சிலருடன் பின்தங்கினார். காவல் தளர்ந்திருந்த பாசறையை உசுன் ஹசன் திடீரெனத் தாக்கினார். தப்பியோட முயன்ற மன்னர் கொல்லப்பட்டார். தப்ரீஸும் விரைவில் உசுன் ஹசன் வசமாயிற்று.

இக்குடியில் தோன்றிய சுல்தான் குலி என்பவரே பின்னர்த் தக்காணம் வந்து, கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி அரசை நிறுவினார்.