ரமணர் காட்டிய வெள்ளித்திரை

1968-ம் ஆண்டு ஓர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. படத்தின் பெயர் "2001: எ ஸ்பேஸ் ஒடிசி". ஸ்டான்லி கூப்ரிக் என்ற அமெரிக்க டைரக்டர் எடுத்த விண்வெளிப் படம். அவருடன் சேர்ந்து கதை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, இலங்கையில் குடியேறி, 2008-ல் அங்கேயே காலமானவர்.

அந்தப் படத்தின் முடிவு இன்றும் பலருக்குப் புதிராக இருக்கிறது.

போமன் என்ற விண்வெளி வீரர் வியாழன் கிரகத்துக்குப் போகிறார். அங்கே கருப்புப் பலகை போன்ற ஒரு பெரிய பொருள் மிதக்கிறது. ஒளி வெள்ளம் அவரை இழுத்துச் செல்கிறது. கடைசியில் ஓர் அழகான அறையில் நிற்கிறார். அங்கே வயதான ஒருவரைப் பார்க்கிறார். அதுவும் அவரேதான்! பார்த்த வீரர் மறைந்து விடுகிறார். வயதானவர் சாப்பிடுகிறார். கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். கட்டிலில் தொண்டு கிழவர் ஒருவர் படுத்திருக்கிறார். அதுவும் அவரே! கிழவர் எதிரே நிற்கும் கருப்புப் பலகையை நோக்கிக் கை நீட்டுகிறார். மறுகணம் கிழவர் இல்லை. அந்த இடத்தில் ஒளி வீசும் சிசு ஒன்று இருக்கிறது. அந்தச் சிசு பூமியைப் பார்க்கிறது. படம் முடிந்து விடுகிறது.

போமன் இறந்தாரா? மறுபடி பிறந்தாரா? படம் வந்தபோது கூப்ரிக் விளக்கம் சொல்ல மறுத்து விட்டார். கிளார்க் தம் நாவலில் ஒரு விளக்கம் தந்தார். மனிதனைவிட அறிவில் உயர்ந்தவர்கள் போமனைப் புதுப் பிறவியாக மாற்றினார்கள் என்பது அவர் கதை.

இன்னொரு விதமாகவும் இந்த முடிவைப் பார்க்கலாம். அதற்கு வழி காட்டுவது, படம் வருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஒருவரின் வாழ்க்கை. அவர்தான் திருவண்ணாமலை ரமண மகரிஷி.

சாவு பயம்

1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார் ரமணர். பெற்றோர் வைத்த பெயர் வெங்கட்ராமன். தந்தை சுந்தரம் அய்யர், வக்கீல். தாயார் அழகம்மாள்.

வெங்கட்ராமனுக்கு 12 வயதானபோது தந்தை இறந்து போனார். சிறுவன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். படிப்பில் அக்கறை குறைவு. விளையாட்டில் ஆசை அதிகம்.

1896-ம் ஆண்டு ஜூலை மாதம். வெங்கட்ராமனுக்கு 16 வயது. மாடி அறையில் தனியாக இருந்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் திடீரென்று செத்துப் போகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக் கொண்டது.

அவன் அலறவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சாவு என்றால் என்ன என்று பார்த்துவிட முடிவு செய்தான். பிணம் போல நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான். உதடுகளை இறுக மூடினான். இந்த உடம்பு செத்து விட்டது, இதைத் தூக்கிப் போய் எரித்து விடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்ததா என்று தனக்குள்ளே கேட்டான். உடம்பு கட்டை போலக் கிடந்தது. ஆனால் அதை அறிந்து கொண்டிருக்கும் ஒன்று உள்ளே விழித்திருந்தது. அதற்குச் சாவு இல்லை என்று அவனுக்குத் தெளிவாகப் பட்டது.

அன்று போன சாவு பயம் பிறகு திரும்பி வரவே இல்லை.

மூன்று ரூபாய் பயணம்

ஆறு வாரம் கழிந்தது. ஆகஸ்டு 29-ந் தேதி, அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்ட 5 ரூபாய் எடுத்துக் கொள்ளச் சொன்னார். வெங்கட்ராமன் 3 ரூபாய் மட்டும் எடுத்துக் கொண்டான். மீதி 2 ரூபாயுடன் ஒரு சீட்டு எழுதி வைத்தான். நான் என்று தொடங்கிய சீட்டு, நடுவில் இது என்று மாறியது. முடிவில் கையெழுத்தே இல்லை, வெறும் கோடுதான்!

ரெயிலில் கொஞ்ச தூரம், கால்நடையாகக் கொஞ்ச தூரம். வழியில் காசு தீர்ந்தது. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அதன் பிறகு 54 ஆண்டு அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

முதலில் பெரிய கோவிலின் ஆயிரங்கால் மண்டபம். சிறுவர்கள் கல்லெறிந்ததால் பாதாள லிங்கக் குகைக்குள் போய் உட்கார்ந்தார். பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணாயிற்று. அதுகூட அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்திரி சுவாமிகள் போன்றவர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

1898-ல் தாயார் தேடி வந்தார். வீட்டுக்கு வரும்படி கண்ணீர் விட்டு அழைத்தார். பேசாதிருந்த மகன், நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற கருத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். தாயார் அழுதபடி திரும்பினார். ஆனால் 1916-ல் மகனுடனேயே வாழ மலைக்கு வந்து விட்டார்.

1922-ம் ஆண்டு மே 19-ந் தேதி தாயார் இறந்தார். கடைசி வரை மகன் அருகிலேயே இருந்தார். ஒரு கை தாயின் நெஞ்சில், ஒரு கை தலையில். மலையடிவாரத்தில் தாயார் சமாதி அமைந்தது. அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான், செங்கம் ரோட்டில் இருக்கும் ரமணாசிரமம்.

சினிமாவில் ஒரு பாடம்

1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" வந்தது. ஊருக்கு ஊர் சினிமா பரவிய காலம் அது. ஆசிரமத்துக்கு வந்தவர்கள் உலகம் என்பது என்ன, உயிர் என்பது என்ன என்று கேட்டார்கள். எல்லோருக்கும் புரியும்படி ரமணர் சினிமாவையே உதாரணமாகச் சொன்னார்.

படத்தில் வீடு பற்றி எரிகிறது. திரை எரிவதில்லை. படத்தில் வெள்ளம் பாய்கிறது. திரை நனைவதில்லை. ராஜா வருகிறார், போகிறார். திரை வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆனால் பார்க்கிறவர் படத்தைத்தான் பார்க்கிறார். திரையை மறந்து விடுகிறார். குழந்தைப் பருவம், வாலிபம், முதுமை, சாவு எல்லாம் அப்படி ஓடும் படங்கள்தான். அவற்றைத் தாங்கும் அறிவு திரையைப் போல மாறாமல் இருக்கிறது. இதுதான் ரமணர் விளக்கம்.

இப்போது போமனின் அறையைப் பார்க்கலாம். வீரர், வயதானவர், கிழவர், சிசு என்று நான்கு உருவங்கள். ஓர் உருவம் அடுத்ததைப் பார்க்கிறது. உடனே பழைய உருவம் மறைகிறது. ஆனால் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சிசுவின் கண்களும் பார்த்துக் கொண்டுதான் இருக்கின்றன. போமன் என்ன ஆனார் என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். பார்ப்பவர் யார் என்று கேட்டால் முடிவு விளங்கத் தொடங்குகிறது. மதுரை மாடி அறையில் அந்தப் பையன் கேட்டதும் இதே கேள்விதான்.

படம் ரமணரைப் பற்றியது அல்ல. எடுத்தவர்கள் சொன்ன பொருளும் இது அல்ல. ஆனால் பார்ப்பவருக்கு இப்படியும் ஒரு பொருள் கிடைக்கிறது.

கடைசி நாள்

1949-ல் ரமணரின் இடது கையில் கட்டி ஒன்று வளர்ந்தது. புற்றுநோய். டாக்டர்கள் நான்கு முறை ஆபரேஷன் செய்தார்கள். குணமாகவில்லை. பக்தர்கள் கலங்கி அழுதார்கள். தாம் போவதற்கு வேறு இடம் ஏது, இங்கேதான் இருப்பேன் என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். வலி இருந்தும், தம்மைக் காண வருவோரைத் தடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. பக்தர்கள் வெளியே கூடி, அவர் அருணாசலத்தின் மீது இயற்றிய பாடலைப் பாடினார்கள். அவர் கண்ணோரத்தில் நீர் துளிர்த்தது. இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு நின்றது. அந்த நேரத்தில் வானில் ஒரு சுடர் மெல்ல நகர்ந்ததைப் பலர் பார்த்தார்கள். அங்கே வந்திருந்த பிரெஞ்சு புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோனும் அதைப் பார்த்தவர்களில் ஒருவர்.

16 வயதில் சாவை நடித்துப் பார்த்தவருக்கு, 70 வயதில் அது நிஜமாக வந்தது. நடிப்பில் போன பயம், நிஜத்திலும் திரும்பி வரவில்லை.