சர்தார் வேதரத்தினம்

காவிரிப் படுகையின் கடற்கரையில், அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காரைக்காலுக்குத் தெற்கே, ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர் வேதாரண்யம். தாயுமானவர் மரபில் 1897ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தவர் வேதரத்தினம். உப்பு வணிகராக விளங்கிய அவர், உப்புச் சட்டத்தை எதிர்த்தால் இழக்க வேண்டியவை மிகுதி.

காந்தியடிகளின் தண்டி யாத்திரையைத் தொடர்ந்து, 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தார். அவர்களை வரவேற்கும் பொறுப்பை வேதரத்தினம் ஏற்றார். தொண்டர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் அதற்காக ஆயுதம் ஏந்தவில்லை. வழியோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டிவைத்தனர். அடக்குமுறை ஆணை பயனற்றுப் போயிற்று.

ஏப்ரல் 30 அன்று இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். வேதரத்தினமும் சிறை புகுந்தார். அவருடைய உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. மக்கள் அவரைச் 'சர்தார்' என அழைத்துப் போற்றினர்.

சிறையும் இழப்பும் அவரது தொண்டுள்ளத்தைத் தளர்த்தவில்லை. ஆதரவற்ற பெண்குழந்தைகள் கல்வி பெற, 1946இல் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை வேதாரண்யத்தில் நிறுவினார். 1961இல் அவர் மறைந்தபின்னும் அப்பணி தொடர்ந்தது.

பிறரைத் தாக்காதிருத்தல் மட்டுமே அகிம்சை அன்று. நீதியற்ற ஆணைக்குப் பணிய மறுத்து, அதனால் வரும் துன்பத்தைப் பிறர்மீது சுமத்தாமல் தாமே தாங்குதலும் அகிம்சையே என்பதற்கு வேதரத்தினத்தின் வாழ்வு சான்றாகும்.