இருட்டைத் தேடிய விஞ்ஞானி வைனு பாப்பு

சித்திரை, வைகாசி இரவுகளில் நாரணாபுரத்தில் ஊர் விளக்குகளை விட்டு விலகி நின்று தெற்கு வானைப் பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே சிலுவை வடிவில் நான்கு விண்மீன்கள் தெரியும். அதையொட்டிக் கரி பூசியது போல ஓர் இருண்ட திட்டு இருக்கிறது. அது வெற்றிடம் அல்ல. பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைத்து நிற்கும் தூசி மேகம். இதைப் படம் பிடிக்க நல்ல கேமராவை விட முதலில் தேவை நல்ல இருட்டு. அந்த இருட்டைத் தமிழகத்திலேயே தேடிக் கண்டவர் வைனு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். நவாப் ஜாபர் ஜங் 1901ல் தொடங்கிய ஆய்வகம் அது. பல நாடுகள் சேர்ந்து வானம் முழுவதையும் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்த பெரும்பணியில் அதற்கும் பங்குண்டு. சிறுவன் பாப்புவுக்கு வானத்தின் மீது ஆசை வந்தது அங்கேதான்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949 ஜூலையில் தாம் எடுத்த படத்தகட்டை ஆராய்ந்தபோது, அதில் புதிய வால்நட்சத்திரம் ஒன்று பதிந்திருந்தது. அது பாப்பு, போக், நியூகிர்க் ஆகிய மூவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இதில் போக் என்பவர், கரிய தூசித் திட்டுகளுக்குள் விண்மீன்கள் பிறக்கின்றன என்று 1947லேயே கருதிய பேராசிரியர்.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் பாப்பு தாயகம் திரும்பினார். 1960ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அது சூரியனை ஆராயும் இடம். இரவு வானுக்கெனத் தனி இடம் தேடி, ஜவ்வாது மலையில் நகர வெளிச்சம் எட்டாத காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968ல் அங்கே இயங்கத் தொடங்கியது. 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த அவதானிப்புகளில் காவலூரும் இடம்பெற்றது.

இந்தியாவிலேயே 2.3 மீட்டர் தொலைநோக்கி செய்ய வேண்டும் என்பது அவரது கனவு. அது முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். 1986ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தொலைநோக்கியைப் பணம் கொடுத்து வாங்கலாம். இருட்டை வாங்க முடியாது. தேவையற்ற விளக்கொன்றை அணைத்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு அந்தக் கரிய திட்டைக் காட்டுவோம். அடுத்த பாப்பு அவர்களில் ஒருவராக இருக்கலாம்.