அசிசியாருக்கு மறுநாள் – வடலூர் வள்ளலார்



செப்டம்பர் 1 அன்று தொடங்கும் படைப்பின் காலம், அக்டோபர் 4 அன்று அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருவிழாவோடு நிறைவு பெறுகிறது. பறவைகளுக்குப் போதித்தவர், ஓநாயைச் சகோதரனாக ஏற்றவர் என்று அவரைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரையில் கேட்கிறோம். சில பங்குகளில் அன்று ஆடு, மாடு, நாய், கோழிகளைக் கோவில் வளாகத்துக்குக் கொண்டுவந்து மந்திரிப்பதும் உண்டு.

அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 5, நமது கடலூர் மாவட்டத்து மண்ணில் பிறந்த ஒருவரின் பிறந்த நாள். அதைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்போவதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அவர்தான் வடலூர் இராமலிங்க அடிகள் என்னும் வள்ளலார். மங்களூரிலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூருக்குப் பேருந்தில் போகிறவர்கள், நெய்வேலியைத் தாண்டியதும் வடலூரைப் பார்க்காமல் போக முடியாது. ஆனால் நம்மில் அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அசிசியாரை நினைக்கும் இந்த நாள்களில் இவரையும் சற்று அறிந்துகொள்வோம்.

சிதம்பரத்துக்கு அருகேயுள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு, இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கமிருந்த பிறந்தகத்துக்குப் போனார். பிறகு குடும்பம் சென்னையில் ஏழுகிணறு பகுதியில் குடியேறியது. மூத்தவர் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார். தம்பிக்கோ பள்ளிப் படிப்பில் மனம் நிற்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் கோவிலே கதியென்று இருந்தார். ஒருநாள் அண்ணனுக்கு உடல்நலமில்லாமல் போக, அவருக்குப் பதிலாகத் தம்பி போய்ப் பேசினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள் என்று வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குடும்பத்தார் அக்காள் மகளை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். இல்லறத்தில் அவர் மனம் ஒட்டவில்லை.

1854-இல் அவர் ஓர் உரைநடை நூல் எழுதினார். மனுமுறைகண்ட வாசகம் என்பது அதன் பெயர். கதை நமக்குத் தெரிந்ததுதான். திருவாரூரில் அரசனின் மகன் ஓட்டிவந்த தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. வள்ளலார் அந்தக் கதையில் அரசனின் மனச்சாட்சிக்குள் நுழைந்துவிடுகிறார். தன் வீட்டில் இப்படி ஒரு பாவம் நேர நான் முன்பு என்ன செய்தேனோ என்று அரசன் ஒவ்வொரு குற்றமாக நினைத்துப் பார்த்துப் புலம்புகிறான். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாமும் ஆன்ம சோதனை செய்கிறோம் அல்லவா, அதற்கு ஒப்பான பட்டியல் அது. இங்கே மனிதனைச் சோதனைக்கு உட்படுத்தியது ஒரு வாயில்லா ஜீவனின் துக்கம். நான் படித்தவற்றில் அவருடைய மனத்தை முதலில் காட்டிய நூல் இதுதான்.

1858-இல் சென்னையை விட்டுச் சிதம்பரத்துக்கு வந்தவர், வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். உடுத்தியது வெள்ளைத் துணி. அதையே தலைக்கும் முக்காடாகப் போட்டுக்கொள்வார். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் ஓர் உருவம் செய்துகொண்டு வந்து கொடுத்தாராம். அதைக் கையில் வாங்கி, வருந்திக் கீழே போட்டு உடைத்துவிட்டார் என்று சொல்வார்கள். மண்பாண்டமும் பீங்கானும் செய்து பிழைக்கும் நமது விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்தக் குயவர்மேல்தான் இரக்கம் வரும்!

இனி, அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1866-இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் கடும் பஞ்சம். மறு ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அருகிலிருந்த பார்வதிபுரம் மக்கள் நிலம் கொடுத்தார்கள். சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் பசித்து வந்தவருக்குச் சோறு. அன்று மூட்டிய அடுப்பை அணையவிடாமல் இன்றுவரை காத்து வருகிறார்கள்.

தம் கொள்கையை ஜீவகாருணிய ஒழுக்கம் என்ற நூலில் அவர் விரித்து எழுதினார். மனிதனுக்கு மட்டுமன்றி மிருகம், பறவை, ஊர்வன, செடிகொடி எல்லாவற்றுக்கும் பசி உண்டு என்பது அவர் துணிபு. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பவில்லை. காட்டு உயிர்களுக்கு இறைவன் வகுத்த நியதியே உணவு கொடுக்கிறது என்கிறார். நாம் கட்டி வைத்துக்கொண்ட மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் பசியோ நம் பொறுப்பு. அவற்றுக்குரிய தீனியை நாம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். விதையும் காயும் கனியும் தின்பது மட்டும் கொலை ஆகாதா என்ற கேள்விக்கு, நகத்தையும் முடியையும் வெட்டுவதை உவமை காட்டி விடை சொல்கிறார். குறுக்குக் கேள்வி கேட்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிற்காலத்தில் அவர் பாடிய பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் தம் அச்சங்களையெல்லாம் இறைவனிடம் முறையிடுகிறார். பிற உயிர் துடிப்பதைக் கண்டபோது தாமும் துடித்ததை, சிறுதெய்வங்களுக்கு ஆடு, கோழி பலியிடுவதைக் கண்டு நடுங்கியதை அதில் சொல்கிறார். வலையையும் தூண்டிலையும் கண்ணியையும் பார்த்தாலே அவர் உள்ளம் பதறியது.

வலை என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? நம் திருத்தூதர்களில் பலர் வலை வீசியவர்கள். உயிர்த்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீனை வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைத்தார். அசிசியாரும் ஊன் உண்ணாமையைத் தம் சபைக்கு விதிக்கவில்லை. முன்னே வைக்கப்படும் எந்த உணவையும் உண்ணலாம் என்றே அவரது ஒழுங்கு அனுமதித்தது. அதேவேளை, கிறிஸ்து பிறப்பு நாளில் மாட்டுக்கும் கழுதைக்கும் கூடுதல் தீனி வைக்கவும், பறவைகளுக்காக வழியெங்கும் தானியம் தூவவும் ஆசைப்பட்டார். இந்த வேறுபாட்டை மூடி மறைத்து, இருவரும் ஒன்றுதான் என்று இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. வள்ளலார் நம்மிடம் கேட்டிருக்கக்கூடியது கடினமானது.

மங்களூர் வட்டாரத்தில் அது இன்னும் கடினம். இங்கே மக்காச்சோளம்தான் பலருக்குச் சோறு. 2018-இல் படைப்புழு வந்து எத்தனை காடுகளை அழித்தது என்று உங்களுக்குத் தெரியும். கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்தால் போதும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன்தான் மிச்சம். இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் கிடக்கிற மனிதரிடம் போய் உயிர் இரக்கம் பேச வாய் வராது. ஆனால் வயலைச் சுற்றி இழுக்கப்படும் திருட்டு மின்கம்பியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பன்றிக்கு வைத்த கம்பியில் மாடும் சாகிறது, நாயும் சாகிறது, விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரரும் சாகிறார். தமிழகத்தில் ஆண்டுதோறும் இத்தகைய சாவுகள் செய்தியாகின்றன. கண்ணியைக் கண்டு பதறியவர் இந்தக் கம்பியைக் கண்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பயிர் போனவரின் பசியையும் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

1872 தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபையைத் திறந்தார். எண்கோண வடிவக் கட்டடம். உள்ளே ஏழு திரைகளை நீக்கிச் சோதி காட்டுவார்கள். கொலையையும் புலாலையும் விட்டவர்களே உள்ளே வரலாம், மற்றவர்கள் வெளியிலிருந்து வழிபடலாம் என்பது அங்குள்ள விதி. நம்மில் பெரும்பாலோர் வெளியேதான் நிற்க வேண்டும். புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்றே அவர் பாடியும் இருக்கிறார். ஆனால் அதே பாடலில், அவர்களுடைய பசியை மட்டும் நீக்கிவிடும்படி இறைவன் தமக்குக் கட்டளையிட்டதாகவும் சொல்கிறார். சபைக்கு உண்டான விதி சாலைக்கு இல்லை!

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நீண்ட உபதேசம் செய்தார். தம் அறையில் எரிந்த விளக்கை வெளியே வைத்து, அதை வழிபட்டு வரச் சொன்னார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. சோதியில் கலந்தார் என்பது அவருடைய அன்பர்களின் நம்பிக்கை. அதை ஆராய்வது நம் வேலையன்று. அப்போது அவருக்கு 50 வயது.

இரண்டு ஆண்டுகளில், 1876-இல், தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். வடலூர் அடுப்புக்கு அப்போது ஒன்பது வயது. இன்றும் மூன்று வேளையும் அங்கே சோறு போடுகிறார்கள். கடலூர் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போய்த் திரும்பும் நம் ஊர்க்காரர் மதிய நேரத்தில் வடலூரில் இறங்கினால், பந்தியில் அவருக்கும் இடம் உண்டு. முந்தின நாள் என்ன குழம்பு சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை.